சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் எரர் எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலக சர்வரில் ஒரு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று கேட்ட வாசகருக்கு, தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், 'மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் விண்டோஸை ஃபார்மட் செய்யுங்கள்' என்று பதில் தரப்பட்டிருந்தது. யாராவது அதை அப்படியே செய்துவிடக் கூடாதே என்பதால் இதை எழுதுகிறோம்.

சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாததற்கான காரணம் பெரும்பாலும் அந்த மென்பொருளுக்கு வெளியேதான் இருக்கும். அதற்கு வேண்டிய போர்ட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கும். அது யாருடைய கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மாறியிருக்கும். அது நம்பியிருக்கும் இன்னொரு சர்வீஸ் படுத்திருக்கும். ரீஇன்ஸ்டால் செய்வதால் இவற்றில் எதுவும் சரியாகப் போவதில்லை. போதாக்குறைக்கு, சில மென்பொருள்கள் அன்இன்ஸ்டாலின்போது டேட்டா ஃபோல்டரையும் சேர்த்தே துடைத்துவிடும். ஒரு கடையின் பில்லிங் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: திரையில் வந்த எரர் எண் என்ன? அதை அவரும் எழுதவில்லை, பதில் சொன்னவரும் கேட்கவில்லை. விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, சர்வீஸின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுத்தால், தோற்றுப்போகும்போது பெரும்பாலும் ஓர் எண்ணோடு பெட்டி வரும். 1053, 1067, 1068, 1069 ஆகிய நான்கும் அடிக்கடி வருபவை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

பெட்டியை மூடியிருந்தாலும் பரவாயில்லை. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், சோர்ஸ் பத்தியில் 'சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்' என்று இருக்கும் வரிகளைப் பார்க்கலாம். அங்கே 7000 என்ற ஈவென்ட்டைப் பார்த்ததும் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 7000 என்பது 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற அறிவிப்பு மட்டுமே. பல நேரம் அதற்குச் சற்று முன் பதிவான 7009 அல்லது 7038தான் விஷயத்தைச் சொல்லும். புதியது மேலே இருக்கும் என்பதால் கீழ்வரிகளைப் படிக்க வேண்டும்.

1068 வந்தால் இந்த சர்வீஸில் கோளாறு இல்லை, இது சார்ந்திருக்கும் வேறொன்று ஓடவில்லை என்று பொருள். ப்ராப்பர்ட்டீஸில் டிபென்டன்சீஸ் என்ற டேபைத் திறந்தால், மேல் பெட்டியில் இது எவற்றை நம்பியிருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய், எது முதலில் நின்றது என்று பார்க்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் 2017இல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத்தொகை கேட்கும் வைரஸ் பரவியபோது, கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய முதல் பதிப்பை நிறுத்தச் சொல்லி எல்லோரும் அறிவுறுத்தினார்கள், அது சரியான அறிவுரைதான். ஆனால் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றில் வொர்க்ஸ்டேஷன் என்ற சர்வீஸ், அந்த முதல் பதிப்புக்கான எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி10 என்ற டிரைவரைத் தன் டிபென்டன்சி பட்டியலில் வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழிமுறையில் இரண்டு கட்டளைகள் இருந்தன. முதலாவது, அந்தப் பட்டியலிலிருந்து இந்த டிரைவரின் பெயரை எடுப்பது. இரண்டாவது, டிரைவரை முடக்குவது. இரண்டாவதை மட்டும் செய்த கணினிகளில் அடுத்த ரீஸ்டார்ட்டில் வொர்க்ஸ்டேஷன் 1068 காட்டி நின்றது. அதை நம்பியிருந்த நெட்லாகான் என்ற சர்வீஸும் கூடவே நின்றது. ஷேர் டிரைவ் திறக்காது, 'நெட் யூஸ்' கொடுத்தால் 2138 என்று வரும்.

முதல் கட்டளையில் ஒரு நுணுக்கம் உண்டு. 'எஸ்சி கான்ஃபிக்' கட்டளையில் 'டிபென்ட்' என்ற சொல்லை ஒட்டி சமக்குறி வரவேண்டும். சமக்குறிக்குப் பிறகு கட்டாயம் ஓர் இடைவெளி விட வேண்டும். அதன் பின் பவுசர், எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி20, என்எஸ்ஐ என்ற மூன்று பெயர்களையும் சாய்கோட்டால் பிரித்துத் தர வேண்டும். இடைவெளி விடாவிட்டால் பழைய பதிப்புகளில் கட்டளை வேலை செய்யாமல், உதவிக் குறிப்பைத் திரையில் கொட்டிவிட்டுப் போய்விடும். நிறைய எழுத்து ஓடியதால் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போனவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டவர்கள்.

1069 என்றால் லாகான் தோல்வி. 'லாக் ஆன்' டேபில் ஏதாவது ஒரு பயனர் கணக்கு போடப்பட்டிருந்தால் சந்தேகத்தை அங்கே வைக்கலாம். இந்தக் கோளாறு ஆட்களைக் குழப்புவதற்குக் காரணம், பாஸ்வேர்டு மாறிய அன்று இது வெளியே தெரியாது. சர்வீஸ் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும்தான் விண்டோஸ் அந்தப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பல வாரம் கழித்து, மின்தடைக்குப் பிறகோ அப்டேட்டுக்குப் பிறகோ சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் விழும். பழி அப்டேட் மேல் போகும். விண்டோஸின் இயல்பான அமைப்பில் பாஸ்வேர்டுக்கு 42 நாள்தான் ஆயுள் என்பதால், யாரும் கைவைக்காமலே காலாவதியாகியும் இருக்கலாம்.

ஈவென்ட் 7038 இருந்தால் பெரும்பாலும் பாஸ்வேர்டு பொருந்தவில்லை, அல்லது காலாவதியாகிவிட்டது, அல்லது கணக்கு லாக் ஆகியிருக்கிறது. வரியின் மீதிப் பகுதியைப் படித்தால் எது என்று தெரியும். 7041 இருந்தால் பாஸ்வேர்டு சரி, ஆனால் சர்வீஸாக லாகான் செய்யும் உரிமை அந்தக் கணக்குக்கு இல்லை. சர்வீசஸ் பட்டியலில் பாஸ்வேர்டை மறுபடி அடித்து ஓகே கொடுத்தால் அந்த உரிமையும் தானாகவே சேர்ந்துவிடும். டொமைனில் (அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) உள்ள கணினியாக இருந்து, அங்கிருந்து எல்லாக் கணினிக்கும் வரும் விதித்தொகுப்பான குரூப் பாலிசி அந்த உரிமையை வேறு கணக்குகளுக்கு மட்டும் என்று வரையறுத்திருந்தால், இன்று சேர்த்தது பாலிசி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது பறிபோகும். இன்று சரி, நாளை மறுபடி 1069 என்று வந்தால் இதுதான். டொமைன் அட்மினிடம்தான் போக வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே சர்வீஸை ஓடவிடும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். அந்தப் பாஸ்வேர்டைத்தான் ஆளாளுக்கு மாற்றுகிறார்கள்.

கணினியின் தேதியும் ஒரு தடவை பார்க்கத் தக்கது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். டொமைன் லாகானுக்கான கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை, டொமைன் சர்வரின் கடிகாரத்தோடு இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் டொமைன் கணக்கில் ஓடும் சர்வீஸ் உள்ளே போக முடியாமல் நிற்கலாம்.

1053, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று சொல்கிறது. அந்த நேரம் இயல்பாக 30 விநாடி. பழைய ஹார்டு டிஸ்கில் எல்லா சர்வீஸும் ஒரே சமயம் கிளம்பும்போது முப்பது விநாடி போதாமல் போவது சகஜம். ஸ்டார்ட்அப் டைப்பை 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்' என்று மாற்றினால், மற்றவை கிளம்பி முடிந்து சுமார் 2 நிமிடம் கழித்து இது கிளம்பும். பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் ஆகாவிட்டால், விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்ற இடத்தில் 'சர்வீசஸ் பைப் டைம்அவுட்' என்று இடைவெளி இல்லாமல் டிவேர்டு என்ற எண் வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி, மில்லிவிநாடியில் 60000 கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். கொடுக்கும்போது டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டி ஹெக்ஸாடெசிமலில் திறக்கும். கவனிக்காமல் 60000 அடித்தால் அது 393216 மில்லிவிநாடி, ஆறரை நிமிடத்துக்கு மேல். பிறகு உண்மையிலேயே செத்துப்போன சர்வீஸுக்கும் விண்டோஸ் ஆறரை நிமிடம் காத்துக்கொண்டு நிற்கும்.

அதே 1053, ஸ்டார்ட் கொடுத்த மறுநொடியே வந்தால் கதை வேறு. நேரம் போதாமை காரணமே இல்லை. அந்த நிரலுக்கு வேண்டிய டாட்நெட் என்ற துணை மென்பொருளின் பதிப்போ டிஎல்எல் என்ற துணைக் கோப்போ இல்லாமல் அது எழுந்திருக்கவே இல்லை. டைம்அவுட்டைக் கூட்டுவதில் பயனில்லை. இன்டர்நெட் இல்லாத சர்வரில் பழைய டாட்நெட் சர்வீஸ்களுக்கு இன்னொன்றும் உண்டு: டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வெளியே தொடர்புகொள்ள முயன்று, முடியாமல், அதிலேயே முப்பது விநாடியும் கரைந்துவிடும்.

1067, அல்லது 'ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிட்டது' என்ற செய்தி வந்தால், விண்டோஸிடம் அதற்கு மேல் கேட்டுப் பயனில்லை. நிரல் எழுந்தது, எதையோ பார்த்துத் தானே விழுந்தது. எதைப் பார்த்து என்பது அதனுடைய சொந்த லாகில்தான் இருக்கும். அப்பாச்சி வெப் சர்வர் பெரும்பாலும் 7024 என்ற ஈவென்ட்டைப் போட்டு, கூடவே 'இன்கரெக்ட் ஃபங்ஷன்' என்ற வாசகத்தையும் சேர்க்கும். அந்த வாசகத்துக்கு அர்த்தம் தேடி அலைய வேண்டாம். அப்பாச்சி திருப்பிக் கொடுத்த 1 என்ற எண்ணை, விண்டோஸ் தன் பட்டியலில் இருக்கும் 1ஆம் எண் எரர் என்று நினைத்துப் பெயர் சூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது, சர்வீஸாக ஓட்டாமல் நேரடியாக ஓட்டிப் பார்ப்பது. கம்மாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அப்பாச்சியின் பின் ஃபோல்டருக்குப் போய், ஹெச்டிடிபிடி நிரலை -டி (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து) சேர்த்து ஓட்டினால் கான்ஃபிக் கோப்பில் எத்தனையாவது வரியில் பிழை என்று சொல்லும். 'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்தால், ஒன்றும் சேர்க்காமல் ஓட்ட வேண்டும். சர்வீஸாக ஓடும்போது கண்ணில் படாத செய்தி இப்போது திரையிலேயே வரும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல்டி நிரலோடு --கன்சோல் சேர்க்க வேண்டும்.

திரையில் வருவது பெரும்பாலும் 10048 அல்லது 10013 ஆக இருக்கும். இரண்டும் போர்ட் தகராறுதான். 10048 என்றால் அந்த போர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று பார்க்க 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' கொடுத்து, 'லிசனிங்' என்று உள்ள வரிகளில் 0.0.0.0:80 அல்லது உங்கள் போர்ட் எண்ணைத் தேடி, கடைசிப் பத்தியில் உள்ள பிஐடி எண்ணை, அதாவது ஓடும் நிரலின் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து 'டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி' கொடுத்தால் அந்த எண்ணுக்குரிய நிரலும் அதற்குள் ஓடும் சர்வீஸ்களும் வரும். 80இலும் 443இலும் உட்கார்ந்திருந்தது ஒரு காலத்தில் பெரும்பாலும் ஸ்கைப்.

பிஐடி 4 என்று வந்தால்தான் ஆட்கள் திகைத்துப்போகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் அது 'சிஸ்டம்' என்று இருக்கும், நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் கூடாது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஹெச்டிடிபி டிரைவர் யாருக்காகவோ அந்த போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். யாருக்காக என்பதை 'நெட்எஸ்ஹெச் ஹெச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட்' கட்டளை காட்டும். அநேகமாக விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ், அதாவது வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ். அல்லது எஸ்க்யூஎல் சர்வரோடு வந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸ். தேவையில்லை என்றால் அதை நிறுத்தி ஸ்டார்ட்அப் டைப்பை டிஸேபிள்டு ஆக்கலாம். தேவை என்றால் அப்பாச்சியின் கான்ஃபிக்கில் 'லிசன் 80' என்பதை 'லிசன் 8080' ஆக்க வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் கான்ஃபிக் தனிக் கோப்பில் இருக்கும், அங்கே 443க்கும் இதே சண்டை இருக்கலாம். போர்ட்டை மாற்றிய பிறகு மற்ற கணினிகளில் முகவரியோடு :8080 சேர்க்க வேண்டும், ஃபயர்வாலில் 8080க்கு இன்பவுண்ட் ரூல் போட வேண்டும்.

ஃபயர்வால் என்றதும் ஒன்று. சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஃபயர்வாலை முழுக்க அணைப்பதை முதல் சிகிச்சையாகச் சிலர் சொல்கிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்பைத்தான் தடுக்கிறது, சர்வீஸ் போர்ட்டைப் பிடிப்பதை அல்ல. ஸ்டார்ட் ஆன பிறகு பக்கத்து மேசைக் கணினியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை என்றால் அப்போது அதைப் பார்க்கலாம்.

10013 வந்து, நெட்ஸ்டாட்டில் அந்த போர்ட்டில் ஒருவருமே இல்லை என்றால், அந்த எண் முன்பதிவு செய்யப்பட்டிருக்கலாம். ஒரு கணினிக்குள் வேறு சூழல்களை ஓட்டும் ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல், டாக்கர் ஆகியவை உள்ள கணினிகளில் வின்நாட் என்ற சர்வீஸ் போர்ட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒதுக்கி வைக்கும். 'நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடெட்போர்ட்ரேஞ்ச்', பிறகு ஓர் இடைவெளி விட்டு 'புரோட்டோகால்=டிசிபி' என்று கொடுத்தால் பட்டியல் வரும். உங்கள் போர்ட் ஏதாவது ஒரு வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் விழுந்தால் அதுதான் காரணம். 'நெட் ஸ்டாப் வின்நாட்' கொடுத்து, உங்கள் சர்வீஸை ஸ்டார்ட் செய்து, பிறகு 'நெட் ஸ்டார்ட் வின்நாட்' கொடுத்தால் அப்போதைக்குத் தீரும். நிரந்தரமாக வேண்டுமானால், வின்நாட் நின்றிருக்கும் வேளையில் அந்த ஒரு போர்ட்டை 'ஆட் எக்ஸ்க்ளூடெட்போர்ட்ரேஞ்ச்' மூலம் நீங்களே முன்பதிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஒதுக்கீடு மாறுவதால்தான் 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, எதையும் தொடவில்லை' என்ற புகார் வருகிறது. புகார் உண்மைதான், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

10049 அரிது. கான்ஃபிக்கில் குறிப்பிட்ட ஐபி எழுதப்பட்டிருந்து, ரவுட்டர் மாறியதில் கணினியின் ஐபி 192.168.1 வரிசையிலிருந்து வேறொன்றுக்குப் போயிருந்தால் வரும். சர்வருக்கு நிலையான ஐபி கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

மைஎஸ்க்யூஎல் விழுந்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டரில் கணினியின் பெயரோடு .இஆர்ஆர் என்று முடியும் கோப்பை நோட்பேடில் திறந்து கடைசி இருபது முப்பது வரியைப் படிக்க வேண்டும். இயல்பான இடம் சி டிரைவில் புரோகிராம்டேட்டா. அது மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் வியூவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்ய வேண்டும். 5.7இலிருந்து 8.0க்கு மாறியவர்களின் பழைய கான்ஃபிக்கில் 'க்வெரி கேஷ் சைஸ்' என்ற வரி இருந்தால் 8.0 கிளம்பாது. அந்த வசதியையே 8.0இல் எடுத்துவிட்டார்கள், வரியை நீக்கினால் போதும். 'ஃபவுண்ட் ஆப்ஷன் வித்தவுட் ப்ரிசீடிங் குரூப்' என்று வந்து, முதல் வரி கண்ணுக்குச் சரியாகவே தெரிந்தால், கோப்பை யாரோ நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கிறார்கள். பழைய நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் செருகிவிடும். ஆன்சி வடிவில் மறுபடி சேமித்தால் சரி.

டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 கோப்பை நீக்கினால் மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று ஓர் ஆலோசனை இணையத்தில் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் இன்னோடிபி என்ற வகையில் சேமித்த டேபிள்கள் அதோடு போய்விடும். எதைத் தொடுவதற்கு முன்னும், சர்வீஸ் நின்றிருக்கும் நிலையில் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவுக்குக் காப்பி எடுக்க வேண்டும். அந்த வேலையின்போதே சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். டிஸ்க் நிரம்பியதால் நின்ற டேட்டாபேஸ்கள் ஏராளம்.

எஸ்க்யூஎல் சர்வர் ஒருநாள் திடீரென்று நின்று, லாகில் 17051 என்று இருந்தால் அது 180 நாள் எவால்யுவேஷன் பதிப்பு. யாரோ லைசென்ஸ் இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எரர் 2 என்றால் நிரல் கோப்பு அந்த இடத்தில் இல்லை. ஆண்ட்டிவைரஸின் குவாரன்டீனில் தேடுங்கள். 193 வந்தால் சி டிரைவின் வேரில் 'புரோகிராம்' என்ற பெயரில் கோப்பு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸின் பாதை மேற்கோள்குறி இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதன் இடைவெளியோடு நின்று, விண்டோஸ் அந்தக் கோப்பையே ஓட்டப் பார்க்கும். 1058 என்றால் சர்வீஸ் டிஸேபிள் ஆகியிருக்கிறது.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும் பத்து வரியோடு நின்றுவிடாமல், 'ஜர்னல்சிடிஎல் -யூ' சேர்த்து சர்வீஸ் பெயரைக் கொடுத்து முழு லாகையும் படியுங்கள். 203 என்றால் நிரல் இல்லை, அல்லது ஓட்டும் அனுமதி இல்லை. 217 என்றால் அந்தப் பெயரில் பயனர் இல்லை. 'டூ க்விக்லி' என்று முடியும் வரி காரணமல்ல. 10 விநாடிக்குள் 5 முறை முயன்று தோற்றதால், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது, காரணம் அதற்கு மேலே இருக்கும். உபுண்டுவில் டிஎன்எஸ் சர்வர் போடப்போய் 53ஆம் போர்ட்டில் 98 என்ற எரர் வந்தால், அங்கே சிஸ்டம்டி-ரிசால்வ்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் கான்ஃபிக்கில் 'டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்=நோ' என்று போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, கணினி பூட் ஆகும்போது மட்டும் 99 என்று விழுகிறது என்றால், நெட்வொர்க்குக்கு ஐபி கிடைப்பதற்கு முன்பே சர்வீஸ் கிளம்புகிறது. அந்த சர்வீஸின் அமைப்புகள் உள்ள யூனிட் கோப்பில் 'நெட்வொர்க்-ஆன்லைன்' டார்கெட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லி 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டு வரியும் சேர்க்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

இனி இப்படிக் கேள்வி அனுப்பும் வாசகர்களிடம், விண்டோஸ் பதிப்பு, சர்வீஸின் பெயர், பெட்டியில் வந்த எரர் எண், அதே நேரத்தில் சிஸ்டம் லாகில் விழுந்த ஈவென்ட் எண்கள், மென்பொருளின் சொந்த லாகின் கடைசி வரிகள் ஆகியவற்றையும் எழுதி அனுப்பும்படி அந்தப் பகுதியின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
ஈரோடு.